தைத்துக் கொடுத்த உடுப்புக்குக் காசு வரவில்லை: லோயர் இல்லாமல் வழக்குப் போடலாமா?

வெள்ளவத்தைத் தையல் (ஜனவரி 11)

எல்லோருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே தைக்கிறேன். இரண்டு மெசின், ஒரு ஓவர்லொக், கைவேலைக்கு உதவியாக ஒரு பிள்ளை. சாறி பிளவுஸும் பரதநாட்டிய உடுப்பும்தான் என் தொழில்.

போன வருடம் ஜனவரியில் நடன வகுப்பு நடத்தும் ஒரு ஆசிரியை, ஆண்டு விழாவுக்கென்று 38 உடுப்பு கேட்டு வந்தார். சின்னப் பிள்ளைகளின் உடுப்பு, ஒன்று 7,500 ரூபா, துணியும் சரிகைக் கரையும் என் பொறுப்பு. மொத்தம் 285,000. முற்பணமாக 100,000 தந்தார். துணி எடுக்கவே அது போதவில்லை. மூன்று தடவை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், ஒரே நிறத்தில் அத்தனை யார் அளவு துணி கிடைக்காமல் கடை கடையாக ஏறி இறங்கினேன். மிச்சத்துக்கு மாமியின் காப்பை அடகு வைத்தோம். இரவு இரண்டு மணி வரைக்கும், உடுப்பின் முன்னால் மடிப்பு மடிப்பாக விரியும் விசிறியை மடித்தோம். நடன உடுப்புத் தைத்தவர்களுக்குத் தெரியும், முன் விசிறியில் ஒரு மடிப்பு சரிந்தாலும் பிள்ளை முழங்காலை மடித்து அரைமண்டியில் இருக்கும்போது அது அப்படியே காட்டிக் கொடுத்துவிடும்.

மார்ச் 8ஆம் திகதி 38ஐயும் கொடுத்தேன். விழா நடந்தது, படங்கள் எல்லாம் போட்டார்கள், பிள்ளைகள் அவ்வளவு வடிவாக இருந்தார்கள். மிச்சம் 185,000 ரூபா இன்னும் வரவில்லை. முதலில் “பெற்றோர் கட்டவில்லை” என்றார். பிறகு “சித்திரைக்குப் பிறகு” என்றார். ஓகஸ்டில் இருந்து, நாலு உடுப்பின் விசிறி பிரிந்துவிட்டது, அதனால் முழுக்காசும் தர முடியாது என்கிறார். நவம்பரில் இருந்து என் அழைப்பை எடுப்பதே இல்லை.

பொலிஸுக்குப் போனோம். இது சிவில் பிரச்சினை, நாங்கள் காசு வாங்கித் தர முடியாது என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒரு சட்டத்தரணியிடம் கதைத்தோம். அவர் சொன்ன தொகையையும், ஒவ்வொரு தவணைக்கும் கொடுக்க வேண்டியதையும் கூட்டிப் பார்த்தால், வரவேண்டிய காசில் பாதி அதற்கே போய்விடும்.

வெளிநாடுகளில் சின்னத் தொகைக்கு லோயர் இல்லாமல் தாங்களே வழக்குப் போடுகிறார்களாம். இங்கே கொழும்பில் அப்படி ஏதாவது உண்டா? என் கையில் இருப்பது கார்பன் வைத்த பில் புத்தகம், வட்ஸ்அப் செய்திகள், பிறகு அளவுக் கொப்பி. உடுப்பை எடுத்துப் போன அன்று அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் “38 உடுப்பு பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். சிங்களம் கடைத்தெருவில் கதைக்கும் அளவுக்குத்தான் வரும்.


தெஹிவளை வாசி

அக்கா, 1977க்கு அடியுங்கள். பாவனையாளர் அதிகார சபை. எனக்கு ஒரு பிரிட்ஜ் விஷயத்தில் நல்லா உதவி செய்தார்கள்.


கொட்டாஞ்சேனை அச்சுக்கூடம்

தம்பி சொன்ன 1977 பொருள் வாங்கியவருக்கு உதவும், விற்றவருக்கு உதவாது. அந்த அதிகார சபையின் சட்டம் பாவனையாளரைப் பாதுகாக்க 2003இல் வந்தது. அதிலும் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். தங்கச்சி இங்கே வேலை செய்து கொடுத்தவர், அவருக்கு அந்த வாசல் இல்லை.

நீங்கள் போக வேண்டிய இடம் மத்தியஸ்த சபை. எங்கள் ஆக்கள் பலர் இணக்க சபை என்றும் சொல்வார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. அங்கே லோயர் தேவையில்லை, தேவையில்லை என்பதைவிட, லோயர் உங்களுக்காக வந்து கதைக்கவே முடியாது. அந்த ஆசிரியை எவ்வளவு பெரிய சட்டத்தரணியை வைத்திருந்தாலும், அன்றைக்கு அவரும் தனியாகத்தான் வந்து உட்கார வேண்டும். எனக்கு முதல் தைரியம் தந்தது இந்த விஷயம்தான்.

இன்னொன்று முக்கியம். சின்னத் தொகை வழக்கை நேராகக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் கொடுக்கவும் முடியாது. சட்டம் சொல்லும் எல்லைக்குள் தொகை இருந்தால் முதலில் சபைக்குப் போய், தீரவில்லை என்றால் “தீர்வு காணப்படவில்லை” என்று சான்றிதழ் எடுத்துக்கொண்டுதான் வழக்குப் போட வேண்டும். அந்த எல்லையை 2016இல் 250,000இல் இருந்து 500,000 ஆக உயர்த்தினார்கள். உங்கள் 185,000 அதற்குள்தான் வருகிறது. அதனால் யாராவது நாளைக்கே வழக்குப் போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

என் கதையைச் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன் ஒரு விழாக் குழுவுக்கு 120 பக்கத்தில் மலர் அச்சடித்துக் கொடுத்தேன், 500 பிரதி. 96,000 ரூபா நிலுவை. குழு கலைந்துவிட்டது, செயலாளர் “நான் தனி ஆள், எனக்குச் சம்பந்தமில்லை” என்றார். ஓடர் கடிதத்தில் கையெழுத்து அவருடையது. ஒரு வருடமாக அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன், அவருடைய பிள்ளை யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடும். அது எனக்கே பெரிய வெட்கமாக இருந்தது. கடன்காரன் அவர், கூச்சம் எனக்கு.

பிரதேச செயலகத்தில் போய்க் கேட்டேன், எந்தச் சபை, எந்த நாளில் கூடுகிறது என்று சொன்னார்கள். வெள்ளவத்தை என்றால் உங்களுக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். பிரச்சினை நடந்த இடத்துச் சபைக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும், அதைத் தவிசாளர் பெயருக்கு எழுத வேண்டும். அரைத்தாளில் முடித்தேன்: நான் யார், அவர் யார், இரண்டு பேருடைய சரியான விலாசம், என்ன வேலை, எப்போது கொடுத்தேன், எவ்வளவு வர வேண்டும். கோபத்தில் முதலில் எழுதியது மூன்று பக்கம் வந்தது. மனைவி வாசித்துவிட்டு, “இதில் 96,000 என்ற எண் எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். தேடிப் பார்த்தால் இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடந்தது. கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

பிறகு இரண்டு பக்கத்துக்கும் அறிவித்தல் வந்தது. சனிக்கிழமை காலை, ஒரு பாடசாலை மண்டபம். ஒவ்வொரு மேசையிலும் மூன்று மத்தியஸ்தர்கள். அந்தச் சபையின் பட்டியலில் இருந்து எனக்கு ஒருவரை நான் தெரிவு செய்யலாம், அவருக்கு ஒருவரை அவர், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரை எடுப்பார்கள். நீங்கள் இதில் வெட்கப்படாமல் “தமிழ் தெரிந்தவர் வேண்டும்” என்று கேளுங்கள். அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, தொண்டாகச் செய்கிறார்கள். எங்கள் மேசையில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர். முதல் வார்த்தையே, “நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, நீங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வர உதவி செய்யத்தான்” என்றார். முதலில் நான், பிறகு அவர், குறுக்கே பேசக் கூடாது.

நான் அன்று செய்த பிழையையும் சொல்ல வேண்டும். அவர் “அச்சு மங்கல்” என்றதும் எழும்பிக் கத்திவிட்டேன். ஆசிரியர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய், “உங்களுக்குக் காசு வேண்டுமா, அவர் பிழை என்று ஒத்துக்கொள்ள வேண்டுமா? இன்றைக்கு ஒன்றுதான் கிடைக்கும்” என்றார். காசு என்றேன். 90,000க்கு உடன்பட்டோம், நாலு தவணை. எழுதி, நாங்களும் மத்தியஸ்தர்களும் கையெழுத்து வைத்து, பிரதி தந்தார்கள். மூன்றாம் தவணை பிந்தியபோது சபைக்குத் திரும்பப் போய்ச் சொன்னேன், திரும்பக் கூப்பிட்டுக் கதைத்தார்கள், கட்டினார்.

நீங்கள் போகுமுன் செய்ய வேண்டியது ஒன்று. ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இன்ன திகதி 38 உடுப்பு பெற்றீர்கள், மிச்சம் 185,000, 14 நாளுக்குள் தாருங்கள் என்று மட்டும். தபாலகத்தில் தரும் துண்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். வட்ஸ்அப்பை அச்செடுக்கும்போது திகதியும் நம்பரும் தெரிய வேண்டும். அந்த அளவுக் கொப்பியை யாருக்கும் கையில் கொடுக்காதீர்கள், போட்டோ கொப்பிதான் கொடுக்க வேண்டும். அதுதான் உங்கள் வழக்கு.


ஓய்வுபெற்ற உரைபெயர்ப்பாளர்

நான் 31 வருடம் நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக இருந்தவன். சனங்கள் எங்களை முதலியார் என்று கூப்பிடுவார்கள். அச்சுக்கூடத் தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் மகள், உங்கள் பதிவில் ஒரு திகதியைப் பார்த்ததும் எனக்கு மனம் பதறியது. மார்ச் 8.

இந்த நாட்டில் கடனுக்குக் காலாவதி உண்டு. 1871ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டம்தான் இன்றும் நடக்கிறது. எழுத்து ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்றால் மூன்று வருடம். இது பலருக்குத் தெரியும். தெரியாதது, விற்றுக் கொடுத்த பொருள், கடைப் பில், செய்து கொடுத்த வேலைக்கான கூலி, இவற்றுக்கு ஒரே ஒரு வருடம். தையல் வேலை இதற்குள் அப்படியே வந்து விழும். உங்கள் கொப்பியிலும் பில்லிலும் உள்ளதை எழுத்து ஒப்பந்தம் என்று வாதாட இடமிருக்கலாம், ஆனால் அந்த வாதத்தை நம்பி மார்ச் 8ஐக் கடக்க வேண்டாம். நாள் தவறிய வழக்கில் உண்மை உங்கள் பக்கம் இருந்தும் பிரயோசனமில்லை. அப்படித் திரும்பிப் போன தச்சர்களையும் மேசன்மாரையும் நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் படியில் உட்கார்ந்து, “ஐயா, நான் பொறுமையாக இருந்தது பிழையா?” என்று கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது.

அதனால் கோரிக்கைக் கடிதத்தின் 14 நாளுக்குக் காத்திருக்காதீர்கள். கடிதத்தையும் சபை விண்ணப்பத்தையும் இந்தக் கிழமையே அனுப்புங்கள். சபையில் உடன்பாடு வந்தால், “இவ்வளவு தர வேண்டும்” என்று அந்த அம்மா எழுத்தில் கையெழுத்து வைக்கும்படி பாருங்கள். பழைய கடனை ஒத்துக்கொள்வதற்கு வெறும் வாய்ச்சொல் சட்டத்தில் போதாது, கடன்பட்டவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். இன்னொன்று, சபையில் வாயால் சொன்னதை நீதிமன்றத்தில் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். “அன்றைக்கு எல்லார் முன்னாலும் தருகிறேன் என்றாவே” என்று நீங்கள் பிறகு புதுக்கடை நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. கையெழுத்துத்தான் பேசும்.

சபையில் தீராவிட்டால், சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றம். சிறு உரிமைக் கோரிக்கைகளுக்கென்று 2022இல் தனி நடைமுறைச் சட்டமும் நிறைவேறியது. எங்கே, எப்படித் தாக்கல் செய்வது என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிதழைக் காட்டிக் கேளுங்கள். எந்த நீதிமன்றத்திலும் ஒருவர் தன் வழக்கில் தானே தோன்றலாம், சட்டத்தரணி கட்டாயமில்லை. ஆனால் வழக்குரை எழுதுவதற்கு முறை உண்டு, அதைப் பிழையாக எழுதினால் ஆரம்பத்திலேயே திருப்பிவிடுவார்கள். அதற்கு மட்டுமாவது சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது, புதுக்கடையில் மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியிலேயே இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். கிராம சேவகரிடம் வருமானம் உறுதிப்படுத்திய கடிதம் எடுத்துக்கொண்டு போனால் இன்னொரு நடை மிச்சம்.

இனி மொழி. இதைச் சொல்லத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். கொழும்பில் நீதிமன்ற மொழி சிங்களம். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில், 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தோடு, உங்களுக்கு உரிமை இருக்கிறது: வழக்கைத் தமிழில் தொடங்கலாம், எழுத்து ஆவணங்களைத் தமிழில் கொடுக்கலாம், நடப்பது விளங்காவிட்டால் அரசே உரைபெயர்ப்புத் தர வேண்டும். யாரோ மனமிரங்கிச் செய்யும் உதவி என்று இதை நினைக்கக் கூடாது. ஒரு மாவட்ட நீதிமன்றத்தில், லோயர் இல்லாமல் வந்த ஒரு கடைக்காரர், நீதிபதி கேட்டதற்கெல்லாம் “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். மரியாதைக்காக ஆட்டியது. நான் அன்று பக்கத்து அறையில் வேறொரு வழக்கில் இருந்தேன். அவர் தலையாட்டிய திகதி அவருக்கே தெரியாது, அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை, வழக்காளி வராததால் வழக்குத் தள்ளுபடியானது. என்னிடம் வந்தபோது அவர் கையில் பேப்பர் இருந்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைத்தான் கேட்டார். மகள், விளங்காத மொழிக்குத் தலையாட்ட வேண்டாம். “எனக்கு உரைபெயர்ப்பாளர் வேண்டும்” என்று தமிழிலேயே சொல்லுங்கள். நிறுத்துவார்கள்.


வெள்ளவத்தைத் தையல்

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வருடக் கணக்கு எனக்குத் தெரியாது. சித்திரைக்குப் பிறகு இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். விண்ணப்பத்தை நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன், கடிதமும் பதிவுத் தபாலில் போய்விட்டது.

இரண்டு பயம் இருக்கிறது. ஒன்று, அந்த அம்மா எங்கள் வட்டாரத்தில் மதிப்பானவர். என்னிடம் தைக்கும் பாதி அம்மாமாரின் பிள்ளைகள் அவரிடம்தான் படிக்கிறார்கள். இவளிடம் கொடுத்தால் கடைசியில் சபைக்கு இழுப்பாள் என்று சொல்லி ஓடர் நின்றுவிடுமோ என்று இருக்கிறது. இரண்டாவது, நாலு விசிறி பிரிந்தது உண்மை. அளவெடுத்தபின் அந்த நாலு பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், இறுக்கிக் கட்டியதால் பிரிந்தது. ஆனால் தையலில் பிழையே இல்லை என்று என்னால் மனதறிந்து சொல்ல முடியாது, அந்தக் கடைசி நாலையும் விடியப்புறம் தைத்தோம். அதைச் சபையில் ஒத்துக்கொண்டால் முழுக்காசும் போய்விடுமா?


கொட்டாஞ்சேனை அச்சுக்கூடம்

ஒத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. ஆனால் எண்ணோடு ஒத்துக்கொள்ளுங்கள். நாலு விசிறியைப் பிரித்துத் திரும்பத் தைக்க வெளியில் எவ்வளவு எடுப்பார்கள்? ஒன்றுக்கு 1,500 என்று வைத்தால் 6,000. “நாலில் பிழை இருக்கிறது, 6,000 கழித்துக்கொள்ளுங்கள், அல்லது கொண்டுவாருங்கள், இலவசமாகத் தைத்துத் தருகிறேன். மற்ற 34இன் காசு என்ன குற்றம் செய்தது?” என்று கேளுங்கள். என் கதையில் அச்சு மங்கலாக இருந்தது 16 பக்கம். அதை நான் முதலே சொல்லியிருந்தால் கத்த வேண்டிய தேவையே வந்திராது. மத்தியஸ்தர்கள் வயது போன, உலகம் பார்த்த ஆக்கள். தன் பிழையைத் தானே சொல்லும் ஆளை அவர்கள் நம்புவார்கள்.

போகும்போது அந்த உடுப்பு ஒன்று கையில் இருந்தால் கொண்டுபோங்கள், மாதிரிக்குத் தைத்தது ஏதாவது. மேசையில் விரித்து வைத்தால், இது எவ்வளவு வேலை என்று அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

வட்டாரப் பேச்சைப் பற்றி. சபை பொது வழக்கு மாதிரி இல்லை, அடுத்த மேசையில் என்ன பிரச்சினை என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த அம்மாவுக்கும் மதிப்பு முக்கியம்தானே. வெளியில் ஒருவரிடமும் கதைக்காமல் சபையில் மட்டும் கதையுங்கள், முகநூலில் ஒரு வரி போடாதீர்கள். அவர் மரியாதையோடு காசைக் கட்டி எழும்பிப் போவதற்கு அது வழிவிடும்.


இரும்புக்கடை, புறக்கோட்டை

அடுத்த ஓடருக்கு ஒன்று சொல்கிறேன். உடுப்பை எடுத்துப் போகும்போது மிச்சக் காசுக்குத் திகதி போட்ட காசோலை வாங்குங்கள். காசோலை கையில் இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டக்கோவையில் சுருக்க நடைமுறை என்று தனி அத்தியாயமே இருக்கிறது, 53ஆம் அத்தியாயம். எதிராளி நீதிமன்றத்தின் அனுமதி எடுத்துத்தான் வழக்கை எதிர்க்கலாம். நாங்கள் கம்பி கொடுப்பது அப்படித்தான். தெரிந்தவர் என்று காசோலை கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நானும் ஒருதரம் இழந்தேன்.


வெள்ளவத்தைத் தையல் (பெப்ரவரி 22)

நேற்றுச் சபை. வந்ததும் எழுத நினைத்தேன், களைப்பில் தூங்கிவிட்டேன்.

முதல் தடவை அவர் வரவில்லை. திரும்ப அறிவித்தல் போனது, நேற்று வந்தார். மூன்று பேரில் இருவருக்கு நல்ல தமிழ். நான் அண்ணா சொன்னபடி மாதிரி உடுப்பைக் கொண்டுபோயிருந்தேன், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. மேசையில் விசிறியை விரித்து வைத்தபோது மத்தியஸ்தர்களில் இருந்த ஒரு அம்மா மடிப்புகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். “இது கையால் மடித்ததா?” என்று கேட்டார். ஓம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த ஆசிரியையைப் பார்த்தார்.

நாலு உடுப்பையும் நானே முதலில் சொன்னேன். 6,000 கழிக்கலாம் என்றதும் அவருடைய முகம் மாறியது. அதற்குப் பிறகு அவர் விசிறியைப் பற்றிக் கதைக்கவே இல்லை. பெற்றோர் கட்டாமல் விட்டது உண்மைதானாம், மண்டபக் காசுக்கும் அவர் கடன்பட்டிருக்கிறார். அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மாமியின் கையில் காப்பு இல்லை என்பதும் எனக்கு முன்னால் இருந்தது, அதையும் சொன்னேன்.

179,000க்கு உடன்பட்டோம். மார்ச் 5ஆம் திகதி 69,000, பிறகு ஏப்ரலிலும் மே மாதத்திலும் 55,000 வீதம். “மார்ச் 8ஆம் திகதி பெற்ற 38 உடுப்புக்காக நான் தர வேண்டிய தொகை 179,000 ரூபா” என்ற வரியை முதலியார் ஐயா சொன்னபடி கேட்டு எழுத வைத்தேன். தமிழில் எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். என் முறை வந்தபோது கை நடுங்கியது, பேனா ஒரு தரம் வழுக்கியது.


ஓய்வுபெற்ற உரைபெயர்ப்பாளர்

மகள், மிகவும் சந்தோஷம். அந்தத் தாளை இன்றே இரண்டு போட்டோ கொப்பி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு தவணைக் காசும் வங்கிக் கணக்குக்கே வரட்டும், கையில் வாங்கினால் பற்றுச்சீட்டு எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். ஒரு தவணை தவறினாலும் ஒரு கிழமைக்குமேல் பொறுக்காமல் சபைக்குப் போய் எழுத்தில் அறிவியுங்கள், திரும்பக் கூப்பிடுவார்கள் அல்லது சான்றிதழ் தருவார்கள்.


வெள்ளவத்தைத் தையல் (மார்ச் 6)

நேற்றுப் பின்னேரம் 69,000 வங்கிக்கு வந்துவிட்டது. இன்று காலையில் மாமியைக் கூட்டிக்கொண்டு அடகுக் கடைக்குப் போய்க் காப்பை மீட்டோம். வட்டி போக 11,000 மிச்சம், அதில் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் பாதியைக் கொடுத்தேன்.

அந்த நாலு உடுப்பில் இரண்டை ஆசிரியை இன்று ஓட்டோவில் அனுப்பியிருக்கிறார். காசு கழித்தாகிவிட்டதுதான், ஆனாலும் தைத்துக் கொடுக்கப் போகிறேன். பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் கோயிலில் நிகழ்ச்சி இருக்கிறதாம். இந்த முறை இடுப்பில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டு மடித்திருக்கிறேன், வளர்ந்தாலும் பிரித்துவிடலாம்.